பழைய வேனை வீடாக மாற்றலாமா? கட்டில் போடுவதற்கு முன் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்க!

இன்ஸ்டாகிராமைத் திறந்தால் போதும். பின்கதவு திறந்திருக்கும் ஒரு வேன், உள்ளே வெள்ளை மெத்தை, ஓரமாக ஒரு லேப்டாப், வெளியே கடல். 30 விநாடி வீடியோ முடிவதற்குள் பழைய ஆம்னி என்ன விலைக்குப் போகிறது என்று தேட ஆரம்பித்துவிடுகிறோம். பெங்களூருவில் மாத வாடகையும் கொடுத்து, பல மாத அட்வான்ஸையும் ஒரே நாளில் எண்ணிக் கொடுத்தவர்களுக்கு இந்த ஆசை வருவதில் ஆச்சரியம் இல்லை. வேலையே லேப்டாப்பில்தான் என்றால், வீடு ஏன் நாலு சக்கரத்தில் இருக்கக் கூடாது?

இருக்கலாம். ஆனால் அந்த வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எடுக்கப்பட்டவை. கூரையை வெட்டி ஜன்னல் வைப்பது, பக்கத் தகட்டை அறுத்து கண்ணாடி பொருத்துவது, தரையில் ஓட்டை போட்டு குழாய் இறக்குவது எல்லாம் அங்கே வார இறுதி வேலை. இங்கே அதே வேலையைச் செய்தால் ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி. என்று வரிசையாக எல்லாமே சிக்கலாகும். இன்னொரு பக்கம், நம்ம ஊர் வெயில். அக்னி நட்சத்திரத்தில் மூடிக் கிடக்கும் தகர வண்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்பதை அந்த வீடியோக்காரர்கள் யோசிக்கவே தேவையில்லை.

அதனால் இந்தியாவில் பழைய வேனை வீடாக்க நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது எது, செலவு எங்கே இழுக்கும், உயிருக்கே ஆபத்தாவது எது என்பதைப் பார்க்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 52 இதில் முக்கியமானது. பதிவுச் சான்றிதழில், அதாவது ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரிப்பு நிறுவனம் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும் வகையில் உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. இதுதான் அதன் சாரம். ஆர்.சி.யில் என்னென்ன இருக்கிறது? வண்டியின் வகை, பாடி எந்த வகை, எத்தனை சீட், காலி எடை எவ்வளவு, என்ன எரிபொருள், என்ன நிறம். வேனை வீடாக்கும்போது இதில் குறைந்தது மூன்றைத் தொடாமல் இருக்கவே முடியாது என்பதைக் கவனியுங்கள்.

2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் அழுத்தமாகச் சொன்னது. தயாரிப்பு நிறுவனத்தின் மூல வடிவமைப்புக்கு மாறாக வண்டியின் கட்டமைப்பை மாற்றக் கூடாது என்பதுதான் தீர்ப்பு. அதே ஆண்டில் சட்டத்துக்கு வந்த திருத்தம் தண்டனையையும் சேர்த்தது. பிரிவு 182ஏ-யின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்ற வார்த்தையைத் தனியாகப் படியுங்கள். கூரையில் ஒரு துளை, பக்கத்தில் ஒரு ஜன்னல், பின்னால் ஒரு ஏணி என்றால் கணக்கு எங்கே போகும்?

அப்படியானால் இந்தியாவில் கேரவனே கிடையாதா என்றால், உண்டு. 'மோட்டார் கேரவன்' என்பது சட்டம் ஏற்றுக்கொண்ட வாகன வகைதான். அதற்கென ஏஐஎஸ்-124 என்ற தரநிலை இருக்கிறது. உட்கார சீட்டும் மேஜையும், படுக்க இடம், சமைக்க வசதி, பொருள் வைக்க அலமாரி ஆகியவை வாழும் பகுதியில் இருக்க வேண்டும் என்பது அடிப்படை. அரசின் வாகன் தளத்தில் கேம்பர் வேனைத் தனிப்பட்ட பயன்பாட்டுக்குப் பதிவு செய்யவும் தனி வகை உண்டு. படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் கேரவன்களும், கேரளா 2021-ல் கொண்டுவந்த கேரவன் சுற்றுலாக் கொள்கையின் கீழ் ஓடும் வண்டிகளும் வானத்திலிருந்து குதிக்கவில்லை.

ஆனால் இந்த வழி யாருக்கானது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. புனேயில் உள்ள ஏஆர்ஏஐ, மானேசரில் உள்ள ஐகேட், சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் உள்ள ஜிஏஆர்சி மாதிரியான சோதனை மையங்களில் ஒரு மாடலைக் கொடுத்து ஒப்புதல் வாங்கி, அதே மாதிரி வண்டிகளைக் கட்டித் தரும் பாடி பில்டர்களுக்காக உருவான நடைமுறை இது. பெரும்பாலும் புது சேஸிஸில் கட்டுவார்கள். நீங்கள் வாங்கிய 2011 மாடல் வேன் ஒன்றே ஒன்றுக்காக அந்தச் சோதனைகளுக்கு எல்லாம் போனால், வேனின் விலையை விட ஒப்புதல் செலவு பெரிதாகிவிடும். பட்ஜெட் இருப்பவர்கள், பதிவு வரை முடித்துத் தரும் பில்டரிடம் போகலாம். அப்போதும் 'எல்லாம் பார்த்துக்கலாம் சார்' என்ற பதிலை நம்பாமல், ஆர்.சி.யில் கடைசியில் என்ன வகை என்று வரும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சரி, பழைய வேன்தான் இருக்கு. என்ன பண்ணலாம்?

வேனை மாற்றாமல், வேனுக்குள் வீட்டை வைப்பது. இந்தியாவில் பழைய வண்டிக்கு நடைமுறையில் ஒத்துவரும் வழி இது ஒன்றுதான் என்பது என் கருத்து. அதாவது வெட்டக் கூடாது, வெல்டிங் கூடாது, வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கட்டில், சமையல் பெட்டி, பேட்டரி பெட்டி எல்லாமே கழற்றி இறக்கக்கூடிய ஃபர்னிச்சராக இருக்க வேண்டும். அரை நாளில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, வண்டியை ஷோரூமிலிருந்து வந்த நிலையில் ஆர்டிஓ முன்னால் நிறுத்த முடியுமா? இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்ல முடிந்தால் நீங்கள் ஓரளவு பாதுகாப்பான பக்கத்தில் இருக்கிறீர்கள்.

'ஓரளவு' என்று சொல்லக் காரணம் உண்டு. சீட்டைக் கழற்றினால் ஆர்.சி.யில் உள்ள சீட் எண்ணிக்கை மாறுகிறதே என்று ஒரு ஆய்வாளர் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. முடிந்தவரை சீட்டை மடித்து, அதற்கு மேல் பலகையை விரிக்கும் மாதிரி கட்டிலை அமையுங்கள். சீட்டைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால், வேலையை ஆரம்பிக்கும் முன் உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். மாற்றிவிட்டு அப்புறம் கேட்பது வேலைக்காகாது. ஃபோட்டோவுக்கு நல்லா இருக்கும் என்று வண்டிக்கு முழுசா வேறு நிறம் அடிக்கிறவர்கள் கவனிக்க: நிறமும் ஆர்.சி.யில் இருக்கிறது. அதற்கும் பதிவு அலுவலகம் போக வேண்டும்.

இன்சூரன்ஸும் இதோடு ஒட்டியதுதான். கம்பெனிக்குச் சொல்லாமல் வயரிங், பேட்டரி, அடுப்பு என்று வைத்துவிட்டு, நாளை வண்டி தீப்பிடித்தால் உங்கள் வண்டிக்கான இழப்பீடு நின்றுபோக அதுவே போதும். சாதாரண வாகன பாலிசி வண்டிக்குத்தான். உள்ளே இருக்கும் லேப்டாப்புக்கும் கேமராவுக்கும் அல்ல. தனியாக எடுத்திருந்தால்தான் உண்டு.

எந்த வேன் வாங்குவது?

மாருதி ஆம்னி 1984-ல் வந்து 2019-ல் உற்பத்தி நின்றது. இன்னும் ஊருக்கு ஊர் மெக்கானிக் உண்டு, உதிரி பாகம் உண்டு. ஆனால் மொத்த நீளமே சுமார் 3.37 மீட்டர். ஆறடி ஆள் கால் நீட்டிப் படுத்தால் முன் சீட்டுக்குப் பின்னால் வேறு எதற்கும் இடம் இருக்காது. உள்ளே நிற்க முடியாது, குனிந்துதான் எல்லாம். தனி ஆள், இரண்டு மூன்று இரவு என்றால் சமாளிக்கலாம். ஈகோவில் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கும்.

நிமிர்ந்து நிற்க வேண்டும் என்றால் ஃபோர்ஸ் டிராவலர் அல்லது உயரக் கூரை கொண்ட டாடா விங்கர். நாம் இன்னும் 'டெம்போ டிராவலர்' என்று சொல்லும் அந்த வண்டி, மெர்சிடிஸ் பென்ஸின் பழைய டி1 வேனை அடிப்படையாகக் கொண்டது. பஜாஜ் டெம்போ என்ற கம்பெனி பெயர் 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என மாறினாலும் மக்கள் வாயில் பெயர் மாறவில்லை. இதன் எடை 7,500 கிலோ வரம்புக்குள் இருப்பதால் சாதாரண கார் லைசென்ஸே போதும். அந்த வரம்புக்குள் இருக்கும் வணிக வாகனத்தையும் எல்எம்வி லைசென்ஸில் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது.

சந்தையில் கிடைக்கும் பழைய டிராவலர்களில் பெரும்பாலானவை மஞ்சள் போர்டு. விலை குறைவாகத் தெரியும், அங்கேதான் சறுக்குவோம். பெர்மிட்டைச் சரண்டர் செய்து, தனிப்பட்ட வாகனமாக மாற்றி, அதற்கான வரியைக் கட்டி முடித்தால்தான் அது உங்கள் சொந்த வண்டி. மாற்றாமல் மஞ்சள் போர்டிலேயே வைத்திருந்தால், 8 வருடம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்க வேண்டும். அந்தச் சோதனைக்கு உங்கள் கட்டிலோடும் அலமாரியோடும் போக முடியாது. பழைய ஆம்புலன்ஸும் இதே கதைதான். உள்ளே இடம் அருமையாக இருக்கும்; ஆனால் ஆர்.சி.யில் அது ஆம்புலன்ஸ்.

சொந்தப் பயன்பாட்டு வண்டிக்குப் பதிவு 15 வருடம். அதற்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து கார், வேன் வகைக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய வண்டிக்கு 2025-ல் அதை 10,000 ஆக்கினார்கள். மாநிலத்துக்கு ஏற்ப பசுமை வரி தனி. டெல்லிப் பக்கம் வேலை பார்ப்பவர்கள் பழைய டீசல் வண்டி பக்கமே போக வேண்டாம். அங்கே பழைய வண்டிகளுக்கான கெடுபிடி நீதிமன்றத்துக்குப் போய்ப் போய் வந்துகொண்டிருக்கிறது. இன்னொன்று: சென்னையில் பதிவான வண்டியை பெங்களூருவில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது பிரிவு 47. வீடு ஊர் ஊராகப் போகும், ஆனால் அதன் நம்பர் பிளேட் அவ்வளவு சுலபமாகப் போகாது.

வாங்கப் போகும்போது எம்-பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். கடன் பாக்கி, இன்சூரன்ஸ் எல்லாம் தெரியும். ஈ-சலான் தளத்தில் பாக்கி அபராதத்தையும் பார்த்துவிடுங்கள். பிறகு தரை மேட்டைத் தூக்கிப் பாருங்கள். எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறோமே தவிர, துருவை யாரும் தேடுவதில்லை. சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவு, கதவுகளின் கீழ் விளிம்பு, கூரையில் மழைநீர் ஓடும் பள்ளம், தரைத் தகடு ஆகியவற்றை விரலால் அழுத்திப் பாருங்கள். எஞ்சினைச் சரி பண்ணிடலாம். அரித்துப்போன தரைக்கு மேல் பிளைவுட் போட்டு மூடினால், அடியில் அரிப்பு தொடர்ந்துகொண்டேதான் இருக்கும்.

எடையைக் கூட்டிப் பார்த்தீங்களா?

வீட்டு ஆசாரியிடம் வேனைக் கொடுத்தால் அவர் வீட்டுக்குச் செய்வது மாதிரியே செய்வார். 18 மி.மீ. பிளைவுட், லேமினேட், கிரானைட் மேடை கூட கேட்பார். எட்டுக்கு நாலு அடி அளவில் 18 மி.மீ. பிளைவுட் ஒரு ஷீட் 30 கிலோவுக்குப் பக்கம் வரும். 12 மி.மீ. என்றாலே 20 கிலோ.

ஐந்து சீட் ஆம்னியை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு 65 கிலோ வைத்தால் அது தாங்கும்படி வடிவமைக்கப்பட்ட ஆள் எடை 325 கிலோ. நீங்கள் இரண்டு பேர், 130 போச்சு. மிச்சம் 195. மூன்று ஷீட் பிளைவுட் 60, தண்ணீர் 40 லிட்டர் என்றால் 40 கிலோ, பேட்டரி 12, சின்ன ஃப்ரிட்ஜ் 15, மெத்தை 10, துணிமணி பாத்திரம் 30. கூட்டினால் 167. இன்னும் டூல் பாக்ஸ், சோலார் பேனல், நாற்காலி எதுவும் ஏறவில்லை. லித்தியத்துக்குப் பதில் வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் டியூபுலர் பேட்டரியை ஏற்றினால் அது ஒன்றே 50 கிலோவைத் தாண்டும். 796 சிசி எஞ்சின் வண்டி, மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்கின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

அதனால் எடையான பொருள் எல்லாம் கீழே, இரண்டு அச்சுகளுக்கு நடுவில். கூரை உயரத்தில் துணி மட்டும். முழுப் பெட்டி செய்வதற்குப் பதில் அலுமினியச் சட்டமும் மெல்லிய பலகையும் போதும். வேலை முடிந்ததும் எடை மேடையில் ஏற்றி, மொத்த எடை அனுமதித்த அளவுக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். லாரிக்காரர்கள் வரிசையில் நின்று போடும் அதே எடை மேடைதான்.

கரன்ட் கணக்கு

ஒரு ஐடி ஊழியரின் ஒரு நாளைப் பார்ப்போம். லேப்டாப் 60 வாட், 8 மணி நேரம் ஓடினால் 480 வாட்-அவர். 12 வோல்ட் ஃபேன் 25 வாட், 10 மணி நேரம், 250. சின்ன ஃப்ரிட்ஜுக்கு ஒரு 400 வையுங்கள். விளக்கு, மொபைல், ரௌட்டர் எல்லாம் சேர்த்து 100. மொத்தம் 1,230. 100 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் மொத்தமே 1,280 வாட்-அவர்தான் இருக்கிறது. அதாவது ஒரு நாளோடு சரி. 200 வாட் சோலார் பேனல் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 700, 800 தரலாம். மீதியை வண்டி ஓடும்போது டிசி-டிசி சார்ஜர் வழியாகவோ, நிற்கும் இடத்தில் பிளக் கிடைத்தாலோ ஏற்ற வேண்டும்.

வண்டியின் சொந்த பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுக்காதீங்க. காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது என்பது சின்ன பிரச்சினை. பெரிய பிரச்சினை என்னவென்றால், 12 வோல்ட் என்றால் ஷாக் அடிக்காது என்ற நினைப்பில் மெல்லிய வயரைப் போடுவது. 1,000 வாட் இண்டக்ஷன் அடுப்பை இன்வெர்ட்டரில் ஓட்டினால் பேட்டரி பக்க வயரில் 80 ஆம்பியருக்கு மேல் ஓடும். வீட்டில் அதே அடுப்புக்கு ஐந்து ஆம்பியர்கூட ஆகாது. வீட்டு எலெக்ட்ரீஷியனுக்கு இந்த வித்தியாசம் பழக்கமில்லாமல் இருக்கலாம். தடிமனான கேபிள், பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ், கேபிள் தகட்டில் உரசும் இடமெல்லாம் ரப்பர் புஷ். இந்த மூன்றில் கஞ்சத்தனம் பார்த்தால் தீயில்தான் முடியும்.

பேனலைக் கூரையில் துளை போட்டுப் பொருத்துவதை விட, நிறுத்திய இடத்தில் விரித்து வைக்கும் மடிப்பு பேனல் நல்லது. ஆர்.சி. பிரச்சினையும் இல்லை. வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு பேனலை மட்டும் வெயிலில் வைக்கலாம்.

வெயில், ஏ.சி., ஜெனரேட்டர்: ஆபத்து இங்கேதான்

நிழல் என்றதும் விஷயத்துக்கு வந்துவிட்டோம். மே மாதத்தில் மூடிய வேன் வெயிலில் நின்றால் உள்ளே 50 டிகிரியைத் தாண்டும். தகட்டுக்கு உள்பக்கம் நைட்ரைல் ஃபோம் அல்லது எக்ஸ்எல்பிஇ ஷீட் ஒட்டலாம், கண்ணாடிகளுக்குப் பளபளக்கும் மறைப்பு போடலாம். எளிதில் தீப்பிடிக்கும் தெர்மாகோல் மட்டும் வேண்டாம். இதெல்லாம் சூடு ஏறும் வேகத்தைக் குறைக்கும். நாள் முழுக்க வெயிலில் நிற்கும் வண்டியைக் குளுகுளு என்று வைக்காது.

அப்போ ஏ.சி. போட்டுடலாமா? ஒரு டன் இன்வெர்ட்டர் ஏ.சி. இரவு முழுக்க ஓடினால் மேலே பார்த்த மாதிரி மூன்று நான்கு பேட்டரி வேண்டும். விலையைப் பார்த்ததும் அடுத்து வரும் யோசனை, ஒரு சின்ன ஜெனரேட்டர். அல்லது எஞ்சினை ஓடவிட்டு வண்டி ஏ.சி.யிலேயே தூங்குவது.

2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். யாரும் தாக்கவில்லை, தீ இல்லை. கோழிக்கோடு என்ஐடி நிபுணர்கள் அதே வண்டியை வைத்துச் சோதனை செய்தபோது, ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு தரையில் இருந்த துளை வழியாக உள்ளே புகுந்தது தெரிய வந்தது. வாசனை இல்லை, நிறம் இல்லை. தலைவலி, மயக்கம் எல்லாம் தூக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. தரையில் குழாய்க்காகவும் வயருக்காகவும் நாம் போடும் ஓட்டைகள் சாதாரணமாகத் தோன்றும். விஷவாயுவுக்கு அதுவே வாசல்.

ஆகவே ஜெனரேட்டர் வண்டிக்கு உள்ளேயோ, அடியிலேயோ, ஒட்டியோ இருக்கவே கூடாது. எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கக் கூடாது. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைத் தலைமாட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். எதிரெதிராக இரண்டு ஜன்னல், கொசுவலையோடு, கொஞ்சமாவது திறந்திருக்கட்டும். காற்றோட்டம் இன்னொரு விதத்திலும் அவசியம். இரவு முழுக்க இரண்டு பேர் விடும் மூச்சில் உள்ள ஈரம் குளிர்ந்த தகட்டில் நீராகி, இன்சுலேஷனுக்குப் பின்னால் இறங்கி, நீங்கள் விரலால் அழுத்திப் பார்த்து வாங்கிய வண்டியையும் துருப்பிடிக்க வைக்கும்.

ஏ.சி. இல்லாமல் முடியாதா? மலை ஊர்களிலும், குளிர்காலத்திலும் முடியும். சித்திரை, வைகாசியில் சமவெளியில் வேன் வாழ்க்கை நடத்துவது எனக்குத் தெரிந்து வீரமே தவிர வசதி அல்ல.

சமையல் எங்கே?

2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில் நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் நடந்தது ஞாபகம் இருக்கும். உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவர்கள். பெட்டிக்குள் விதிமீறி வைத்திருந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். குறுகலான பெட்டி, சுற்றிலும் துணியும் மெத்தையும், வெளியேற ஓரிரு வழி. வேனும் அதே அமைப்புதான்.

எல்பிஜி காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும், அதாவது நம் கட்டிலுக்கு அடியில். வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரை வண்டியில் ஏற்றவே கூடாது. அடையாள அட்டையைக் காட்டி வாங்கக்கூடிய 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது, முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள். அதுவும் வண்டி ஓடும்போது வால்வு மூடி, நிமிர்த்தி, பெல்ட் போட்டுக் கட்டியிருக்க வேண்டும். நிறுத்தியதும் வெளியே இறக்கி வைத்துச் சமைப்பதே சரி. பின்கதவுக்குக் கீழே இழுத்துப் பயன்படுத்தும் பெட்டி அடுப்படி ஆம்னிக்கும் ஈகோவுக்கும் அழகாகப் பொருந்தும். மழையில் பின்கதவே கூரை. பூட்டாத பின்கதவு பக்கம் ஒரு தீயணைப்பான், முன்பக்கம் ஒன்று.

தண்ணீருக்கு நம்ம 20 லிட்டர் கேனே போதும், ஒரு சின்ன 12 வோல்ட் பம்ப் அல்லது காலால் மிதிக்கும் பம்ப். சிங்க்கிலிருந்து வரும் கழிவுநீரைக் கீழே விடாமல் இன்னொரு கேனில் பிடியுங்கள். கழிப்பறை பற்றி ரீல்ஸில் யாரும் பேசுவதில்லை. கையில் எடுத்துச் செல்லும் போர்ட்டபிள் டாய்லெட் கிடைக்கிறது, ஆனால் அதைக் காலி செய்ய இடம் வேண்டும். பெரும்பாலானவர்கள் பெட்ரோல் பங்க், தாபா, லாட்ஜ் என்றுதான் ஓட்டுகிறார்கள். பெண்கள் தனியாகப் பயணம் செய்யும்போது இரவு எங்கே நிறுத்துவது என்பதை முடிவு செய்வதும் இந்த ஒரு விஷயம்தான்.

வாடகை மிச்சமாகுமா?

மாதம் 20,000 ரூபாய் வாடகை என்று வைத்தால் மூன்று வருடத்தில் 7 லட்சத்து 20 ஆயிரம். அந்தக் காசுக்கு வேனும் வந்துவிடும், உள்வேலையும் முடிந்துவிடும் என்று தோன்றும். ஆனால் வேனில் வாழ்பவருக்கும் பார்க்கிங், குளிக்க ஜிம்மோ லாட்ஜோ, சலவை, டீசல், மெக்கானிக் எல்லாம் உண்டு. உடம்பு சரியில்லாத நாளில் படுக்க அறை வேண்டும். வங்கி, ஆதார், பாஸ்போர்ட் எல்லாம் ஒரு முகவரியைக் கேட்கும். ஊரில் அப்பா அம்மா வீடு இருப்பதால்தான் நம்மில் பலருக்கு இந்தக் கனவே சாத்தியம். முழு நேர வீடாக இது வாடகையை வெல்வது கடினம். மாதத்தில் நாலைந்து நாள் வெளியே தங்கும் இரண்டாவது வீடாக நினைத்தால், ஹோட்டல் செலவோடு ஒப்பிட்டு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதற்கும் முன், ஒரு கேரவனை இரண்டு இரவுக்கு வாடகைக்கு எடுத்துத் தூங்கிப் பாருங்கள். மெத்தையும் கொசுவும் பக்கத்தில் நிற்கும் லாரியின் ஹாரனும் சேர்ந்து பாதி முடிவைச் சொல்லிவிடும்.

நிறுத்தும் இடத்துக்கும் விதி உண்டு. பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்ல காவல்துறைக்குப் பிரிவு 127 அதிகாரம் தருகிறது. பந்திப்பூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை பொதுவான வாகனங்களுக்குத் தடை. அந்த நேரத்தில் காட்டுக்குள் மாட்டிக்கொள்ளாமல் திட்டமிடுங்கள். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் முறை இருக்கிறது, வேனுக்கும்தான். தெரியாத ஊரில் இரவு தங்கினால் பங்க்கிலோ தாபாவிலோ முதலாளியிடம் கேட்டு, ஏதாவது வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நிறுத்துவது பழக்கமான வழி. லாரிக்காரர்கள் காலங்காலமாக அப்படித்தான் தூங்குகிறார்கள்.

கடைசியாக ஒன்று, பலரும் மறப்பது. அனுமதி வாங்கிச் சீட்டுகளைக் கழற்றியிருந்தால் அவற்றைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். போல்ட், சீட் பெல்ட் கொக்கி உட்பட எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி, மேலே வண்டி நம்பரை எழுதி வையுங்கள். பதிவைப் புதுப்பிக்கும்போதோ, விற்கும்போதோ அத்தனையும் திரும்ப ஏற வேண்டும். வாடகை வீட்டில் அதற்கு இடம் இல்லை என்றால், ஊரில் மாடிப்படிக்குக் கீழே வைக்கலாமா என்று வீட்டில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.